பாதி போர்டு

வாயத் தொறக்காதீங்கக்கா. மூஞ்சிக்கு பேக் போட்டாச்சு. இனிமே இது காயிற வரைக்கும் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. அசைஞ்சா வெடிச்சிடும். அப்புறம் தோல் இழுத்துக்கிட்டு நிக்கும், சடங்கு வீட்டுக்கு வாரவ எல்லாம் பிள்ளைய விட்டுட்டு ஒங்க மூஞ்சியத்தான் பாப்பாளுக. கண்ண மூடிக்கோங்க. நான் பேசுதேன், நீங்க கேளுங்க. எனக்கும் இப்பல்லாம் பேச ஆளு கெடைக்க மாட்டேங்குது.

உள்ள நொழையும்போது கேட்டீங்கல்லா, வாசல்ல போர்டு பாதியக் காணோமே, காத்துல கிழிஞ்சிட்டான்னு. காத்துமில்ல, மழையுமில்ல. எம்மவ கிழிச்சா. சுபிக்ஷா. பத்தாப்புப் படிக்கா. நான் பெத்து வளத்த பிள்ள ஏணி போட்டு ஏறி, கத்திரியால நடுவாந்திரமா அறுத்து எடுத்துட்டுப் போயிட்டா. அதுவும் என் கடைக் கத்திரி. முடி வெட்டுற கத்திரியக் கொண்டு ஃப்ளெக்ஸ அறுத்திருக்கா, மொனையெல்லாம் போச்சு.

பாப்பா, நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க? அந்த சோபாவுல உக்காரு. ரித்திகாதான ஒம் பேரு? ரிமோட் அங்கதான் கெடக்கு, சீரியல் போட்டுக்கோ. அதுல வார மருமக கண்ணுக்கு எப்படி மை இழுத்திருக்கான்னு பாத்து வை. ஒன் சடங்குக்கு அதே மாதிரி இழுத்து விடுதேன். ஒங்கம்மா பேக் காயட்டும்.

என்னக்கா சொல்லிட்டிருந்தேன்? ஆங், போர்டு. இந்தச் சங்கரன்கோவில்ல பொம்பளைகளுக்குன்னு மொதல்ல பார்லர் வச்சது நான்தான். தெரு முக்குல நின்னு கோமதி கடைன்னு கேட்டா சின்னப் பிள்ள கூடக் கை காட்டும். இப்ப எதுத்தாப்புல கண்ணாடிக் கதவு போட்டு ஒருத்தி வந்திருக்கா பாருங்க, அவளுக்கு நேரா ஒரு புருவம் எடுக்கத் தெரியாது. ஆனா போர்டு வச்சிருக்கா, மாடி ஒசரத்துக்கு. அதுல யாரோ வடநாட்டுப் பொண்ணு, இவ கடைவாசல்ல கால் வச்சிருக்கவே மாட்டா, இவகிட்டதான் மேக்கப் பண்ணின மாதிரி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கா. சனமும் அதப் பாத்து அங்கதான் போகுது. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

அப்பத்தான் நெனச்சேன், நம்ம உண்மையான மூஞ்சியா வைப்போம், நம்ம ஊரு மூஞ்சியா வைப்போம்னு. ஒரே மூஞ்சி, நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் மேக்கப்புக்கு முந்தி, பிஃபோர்; அந்தப் பக்கம் பிந்தி, ஆஃப்டர். பாத்தவ அப்படியே உள்ள வந்துரணும். ஆனா யாரு வருவா? ஆஃப்டருக்குன்னா வரிசையில நிப்பாளுக. பிஃபோர்னு சொன்னதும் ஒவ்வொருத்திக்கும் ஒரு சோலி வந்துரும். எங்கிட்ட மாசம் தவறாம வார ஒருத்தி சொல்லுதா, "என்னையப் பாத்தா ஒனக்கு பிஃபோர் மாதிரியா இருக்கு?"ன்னு. அன்னையிலருந்து அவ எதுத்த கடைக்குப் போறா.

சரி, வீட்டுல பிள்ள இருக்கும்போது வெளிய எதுக்கு அலையணும்னு சுபியக் கூப்பிட்டேன். அப்ப ஒம்பதாப்பு. சின்னதுலருந்து என் கடையிலதான் கெடப்பா, புருவம் எடுக்க எனக்கு நூல் பிடிப்பா, பஞ்சு பிச்சுக் குடுப்பா. சொன்ன ஒடனே வந்து உக்காந்தா. "அம்மா, நான் போர்டுல வரப்போறேனா?"ன்னு ஒரே துள்ளல். கட்டாயப்படுத்தினேன்னு எவளாவது சொன்னா நாக்கு அழுகிப் போகும்.

எம்மவ கருப்புன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. மாநெறம். அவ அப்பா பக்கத்து நெறம். நான் என்ன கொறை வச்சேன்? பச்சப்பிள்ளையிலருந்து பாசிப்பயத்த மாவும் கஸ்தூரி மஞ்சளும் தேச்சுத்தான் குளிப்பாட்டினேன். வெயில்ல வெளையாட விட்டதில்ல. பால்வாடிக்குப் போகும்போதே பவுடர் போடாம அனுப்பினதில்ல. மறந்து ஓடினாக்கூட, "ஏட்டி, இந்த மூஞ்சியோடயா தெருவுல எறங்குவ?"ன்னு கூப்பிட்டு, துண்டால தொடச்சு, பூசித்தான் அனுப்புவேன். எந்தத் தாய் இப்படிப் பாப்பா, சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, வெடிச்சிடும்.

போர்டு வச்சதும் கடைக்குக் கூட்டம்னா கூட்டம். பஸ்ஸ விட்டு எறங்கினா எம்மவ மூஞ்சிதான் மொதல்ல தெரியும். எல்லா பிள்ளைகளும் வந்துச்சு. இப்ப வார பிள்ளைக இருக்கே, அதுக சங்கதியத் தனியாச் சொல்லணும். முன்னாடியெல்லாம் நடிகை படத்தக் கொண்டாந்து, இது மாதிரி பண்ணுங்கக்கான்னு கேப்பாளுக. அது கூடப் பரவாயில்ல. இப்ப அவளுக படத்தையே கொண்டு வாராளுக. ஃபோன்ல ஃபில்டர் போட்டு, கண்ணப் பெருசாக்கி, மூக்கச் சின்னதாக்கி, தோலுல ஒரு புள்ளி இல்லாமத் தொடச்சு வச்சிக்கிட்டு, "அக்கா, என்னைய இது மாதிரி ஆக்கிவிடுங்க"ங்காளுக. ஏட்டி, இது நீதானட்டின்னு கேட்டா, "நேர்ல நான் இப்படி இல்லல்லா"ன்னு மூஞ்சியத் தொங்கப் போடுதாளுக. எட்டாப்புப் படிக்கிற பிள்ளைகக்கா. புஸ்தகத்துக்கு அடியில காம்பாக்ட் பவுடர் வச்சிருக்கு. இதுகளப் பெத்தவளுக என்னதான் செய்யுதாளுகன்னு எனக்கு ஆத்திரமா வரும். இந்த ஃபோனும் டிவியும்தான் பிள்ளைகளக் குட்டிச்சுவராக்குது, வேற யாருமில்ல.

எம்மவளும் அதுலதான் விழுந்தா. ரொம்பத் தாமசமாத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கடையில மூஞ்சிக்குப் பூசுற ஃபவுண்டேஷன் கொறையுது, புள்ளி மறைக்கிற கன்சீலர் கொறையுது. வேலைக்கு வார பிள்ளையச் சந்தேகப்பட்டு நிப்பாட்டிட்டேன். பாத்தா, இவ. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளன போயி, அங்க கக்கூஸ்ல நின்னு முழு மேக்கப் போட்டிருக்கா. நான் போட்டுவிட்ட பவுடர் பத்தலையாம். அந்த ஆஃப்டர்ல எப்படி இருக்காளோ, அதே மாதிரி. அதே ஷேடு, அதே ஐலைனர். போட்ட கைவேலை சுத்தமா இருந்துச்சுக்கா, அதச் சொல்லணும். எனக்கே வராத சுத்தம்.

அப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு அவளுக்கு. நேரா நின்னு பேச மாட்டா. எப்பப் பாத்தாலும் வலப்பக்கத்தக் காட்டிக்கிட்டுத்தான் நிப்பா. சாப்புடும்போதும் அப்படித்தான், இடப்பக்கம் சொவரு இருக்கிற எடமாப் பாத்து உக்காருவா. தெருவுல போனாலும் இடப்பக்கம் வீட்டுச் சொவர ஒட்டிக்கிட்டே போவா. ஃபோன்ல படம் எடுத்தாலும் அந்த ஒரு பக்கம்தான். நான் ஸ்டைலுக்குப் பண்ணுதான்னு நெனச்சேன். போர்டுலயும் அவ வலக்கன்னத்துலதான ஆஃப்டர் வச்சிருக்கு, அது நல்லா விழுந்துருக்குல்லா, அதான் அவளுக்கும் பிடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்.

இதுக்கு நடுவுல அந்த டீச்சர் வந்து சேந்தா. செலின்னு பேரு. வகுப்பு டீச்சர். அவ மூஞ்சியில ஒரு பவுடர் கெடையாது, ஒரு மை கெடையாது, தலைய இழுத்து ஒரு கொண்ட. நம்ம தொழில அவளுக்கு எப்படிப் பிடிக்கும்? ஒருநா வெளையாட்டுப் பீரியடுல எம்மவளுக்கு வேர்த்து, மேக்கப் ஒழுகி, கழுத்தெல்லாம் எறங்கியிருக்கு. மத்த பிள்ளைக சிரிச்சிருக்கு. இந்த செலின் என்ன செஞ்சிருக்கா? கையப் பிடிச்சுக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயி, மூஞ்சியக் கழுவிவிட்டு, தன் கைக்குட்டையால தொடச்சும் விட்டிருக்கா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா பள்ளிக்கூடத்துக்கே போயிட்டேன். எம்பிள்ள மூஞ்சியக் கழுவ நீ யாருட்டின்னு கேட்டேன். பெத்தவ நானே அவள வெறும் மூஞ்சியோட நாலு பேரு முன்னால விட்டதில்லன்னேன். அந்தப் பொம்பள ஒரு சொல்லு ஏறிப் பேசல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "உக்காருங்கம்மா"ன்னா. "பிள்ள காலையில சாப்புடாம வாரா, தெரியுமா? வகுப்புல அவள என்ன சொல்லிக் கூப்பிடுதாங்க, தெரியுமா?"ன்னா. நான் எதுக்குத் தெரிஞ்சிக்கணும், நீதான டீச்சர்னு சொல்லிட்டிருக்கேன், அந்நேரம் வராந்தாவுல ஒருத்தி சத்தம் போடுதா. "ஏ பிஃபோர்! ஒங்கம்மா வந்திருக்காங்கட்டி!"

பிஃபோர். அதான் எம்மவளுக்குப் பள்ளிக்கூடத்துல பேரு.

இதுல என்னக்கா இருக்கு? பட்டப்பேரு யாருக்குத்தான் இல்ல? என்னைய எங்க பள்ளிக்கூடத்துல வத்தல்னு கூப்பிட்டாளுக, நான் செத்தா போயிட்டேன்? அதையேதான் வீட்டுக்கு வந்து சுபிகிட்டயும் சொன்னேன். அவளுக சொல்லச் சொல்ல நம்ம கடைக்கு வெளம்பரம்தானட்டின்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. "போர்டக் கழட்டிரும்மா"ன்னா. அழல, கத்தல. "ஆடித்தபசுக்கு முன்னாடி கழட்டிரும்மா. அத்தை வருவாங்க, சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, ஊரே அதப் பாக்கும்"னா.

ஆடித்தபசுக்குக் கழட்டுறதா? நம்ம ஊருக்கு அன்னைக்கி வார கூட்டம் வருசம் பூரா வராது. எதுத்த கடைக்காரி வாழமரமே கட்டிட்டா. நான் போர்டச் சுத்தி சீரியல் பல்பு போட்டேன். பளபளன்னு எரிஞ்சுது, மூஞ்சி ரெண்டு பக்கமும் தூரத்துலருந்தே தெரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரு கேரளாவுக்கு லோடு ஏத்திப் போயிருந்தாரு, ஃபோன்ல அவருகிட்டயும் இவ அழுதிருக்கா. அந்த மனுசனும், "கழட்டித் தொலையேன்"ன்னாரு. கடைய ஒரு நாள் அவரு நடத்திப் பாக்கட்டும், தெரியும்.

தபசு முடிஞ்ச மறுநா காலையில கடையத் தொறக்க வாரேன். பல்பு எரியுது. ஆஃப்டர் சிரிக்கு. பிஃபோரக் காணோம். ஏணி சொவத்துல சாஞ்சு நிக்கி, கத்திரி படியில கெடக்கு. வீட்டுக்கு ஓடினா பிள்ளையுமில்ல, பையுமில்ல. என் நாத்தனா பேச்சித்தாய் திருவிழாவுக்கு வந்திருந்தால்லா, அவளோட மொத பஸ்ஸுல புளியங்குடிக்குப் போயிட்டா. அங்கேயே பள்ளிக்கூடமும் சேத்தாச்சாம். எவளக் கேட்டு சேத்தா? பெத்தவ நான் உசுரோடதான இருக்கேன்?

கிழிச்சதக் கூட விடுங்க. கிழிச்சத அங்கேயே போட்டுட்டுப் போயிருந்தா ஒட்டிக்கிட்டிருப்பேன். சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டா, அதான் எனக்குப் புரியல. எடுக்குறதுதான் எடுக்கா, அழகா இருக்கிற பக்கத்த எடுத்திருக்கலாம்லா?

வெடிக்குதுக்கா, அசையாதீங்க. தும்மலா? அடக்கிக்கோங்க.

மனசு கேக்கல. எவ்வளவு நாளைக்கி வீம்பு பிடிக்க முடியும்? வீட்டுக்குப் போனா சமைக்கப் பிடிக்க மாட்டேங்குது. காலையில அவளுக்கு ரெட்டச் சடை போடுற நேரம் வந்தா எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. சரி, நம்மளே எறங்கிப் போவோம்னு போன ஞாயித்துக்கெழம கெளம்பிப் போனேன். அவளோட காம்பாக்ட், லிப்ஸ்டிக், ஐலைனர் எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துப் போட்டு, ஆசையாத்தான் போனேன்க்கா. அங்க அந்தக் காட்டுல என்ன கெடைக்கும்?

பேச்சித்தாய்க்கு எலுமிச்சம்பழ யாவாரம். வாசல் முழுக்கப் பழம் குவிஞ்சு கெடக்கு. வெயில் படக்கூடாதுன்னு மேல ஃப்ளெக்ஸ் இழுத்துக் கட்டியிருக்கு. நிமிந்து பாத்தா எம்மவ மூஞ்சி. பிஃபோர் மூஞ்சி, தலைகீழாத் தொங்குது. காக்கா எச்சம் வேற. அதுக்கு அடியில பொம்பளைக உக்காந்து பழத்தத் தரம் பிரிச்சிக்கிட்டிருக்காளுக. நடுவுல ஒரு பிள்ள, தலைய அள்ளி முடிஞ்சிக்கிட்டு, ஒவ்வொரு பழமா மோந்து பாத்து என்னமோ சொல்லுது, சுத்தியிருக்கிறவளுக எல்லாம் சிரிக்காளுக. அதுவும் வாய் நெறையச் சிரிக்கு. யாரு வீட்டுப் பிள்ளையோ, என்ன லட்சணமா இருக்குன்னு நெனச்சேன். கோமதியம்மன் சத்தியமா நெனச்சேன்.

அது என்னையப் பாத்து, "அம்மா"ன்னு எந்திரிக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எம்மவ! நேரா நின்னு பாக்கா. ரெண்டு பக்கமும் தெரிய நிக்கா. நான் ஓடிப்போயி கட்டிப்பிடிச்சேன், கன்னத்தத் தடவினேன். மண்ணும் வேர்வையும். தாய்க்குப் பொறுக்குமா? "ஏட்டி, என்னட்டி இப்படிக் கருத்துப் போய்க் கெடக்க?"ன்னு கேட்டேன். இவ்வளவுதான்க்கா கேட்டேன். வேற ஒரு சொல்லு சொன்னனா?

அப்படியே வலப்பக்கம் மட்டும் தெரியுற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. நான் பையிலருந்து காம்பாக்ட எடுத்து நீட்டுதேன், வாங்கல. பேச்சித்தாய் என்னைய மொறைக்கா, நான் அவள மொறைக்கேன். கடைசியா சுபி, "மீதிப் பாதியையும் கழட்டிரும்மா, நான் வாரேன். அதுல ரெண்டு பக்கமும் நான் இல்லம்மா"ன்னா. நீ இல்லாம வேற யாருட்டி, கேமராவுக்கு முன்னால உக்காந்தது நீதானன்னேன். உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. பஸ்ஸுல வரும்போது பூரா அழுதேன். நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. எம்பிள்ள எனக்கு வேணும். ஆனா அதுக்குன்னு கடையக் கெடுத்துக்கிட்டு, எதுத்தவ சிரிக்கிற மாதிரி போர்டக் கழட்ட முடியுமா?

கழட்ட மாட்டேன். ஆனா பாதி போர்டும் நல்லா இல்ல. வாரவளுக எல்லாம் ஒங்கள மாதிரியே கேக்காளுக. புதுசா ஒரு பிஃபோர் எடுத்து, அந்தப் பாதியோட சேத்து ஒட்டிரலாம்னு ஃப்ளெக்ஸ் கடைக்காரன் சொல்லிட்டான். வேற பிள்ளை மூஞ்சியா இருந்தாலும் கம்ப்யூட்டர்ல பொருத்திருவானாம். அதுல பாருங்க, நீங்க கதவத் தொறந்து வரும்போதே எனக்கு மனசுல பட்டுச்சு. ஒங்க ரித்திகாவுக்கும் சுபி மாதிரியே தாடை. நெறமும் கிட்டத்தட்ட அதேதான்.

ஏ பாப்பா, இங்க திரும்பு. டிவிய ஏன் அமத்திட்ட? சத்தத்தோடயே வச்சிக்கிட்டுக் கதையக் கேட்டிருக்கலாம்லா. ஒரே ஒரு படம்தான், பயப்படாத. சடங்கு மேக்கப் முழுக்க இனாமாப் பண்ணித் தாரேன், என்னக்கா, சரிதான? பிஃபோருக்குப் பெரிய வேலை ஒண்ணுமில்ல பாப்பா. லைட்ட அமத்திருவேன். நெத்தியில கொஞ்சம் எண்ண. அப்புறம் ஒன் நெறத்தவிட ரெண்டு ஷேடு தூக்கலா ஒரு கருப்பு ஃபவுண்டேஷன், கண்ணுக்குக் கீழ கொஞ்சம் மை தேச்சு விட்டா முடிஞ்சுது. சுபிக்கும் அப்படித்தான் போட்டேன், யாருக்குத் தெரிஞ்சுது? எல்லாம் கழுவினாப் போயிரும். ஒண்ணே ஒண்ணுதான், சிரிக்கக் கூடாது. அந்தக் கழுத அன்னைக்கி சந்தோசத்துல சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதட்டி அதட்டித்தான் எடுத்தேன்.

எங்கம்மா போற? கழுவுற எடம் இந்தப் பக்கம். அது வாசக் கதவு. ஏ பிள்ள! ரித்திகா!

அக்கா, நீங்க எந்திரிக்காதீங்க. வெளிய போர்டுகிட்டதான் நிப்பா, எங்க போயிருவா. கண்ணத் தொறக்காதீங்க, உள்ள போயிரும். ஐயோ, வாயத் தொறக்காதீங்கக்கா, வெடிக்குது பாருங்க, நெத்தியிலருந்து தாடை வரைக்கும் வெடிக்குது! செருப்பக் கூடப் போடாம எங்கக்கா ஓடுதீங்க? ரோடெல்லாம் ஆளு நிக்கி, எதுத்த கடைக்காரி வேற வாசல்ல நிக்கா. நில்லுங்க, கழுவிட்டாவது போங்க! இந்த மூஞ்சியோடயா தெருவுல எறங்குவீங்க?